கிரீஸ்வீசல் வி4: கிளப்பின் ஃப்ளாப்பி மீட்பு மேசைக்கு ஏற்ற கருவியா?

பழைய ஹோம் கம்ப்யூட்டர் கிளப் எதுவானாலும், சந்திப்பு நாளில் ஒரு மேசையைச் சுற்றி மட்டும் ஆள் குறையவே குறையாது. பரணிலிருந்து இறக்கிய ஃப்ளாப்பிப் பெட்டிகளோடு வருகிறவர்களின் மேசை அது. அமிகா, கமடோர் 64, அட்டாரி எஸ்டி, பிபிசி மைக்ரோ, எம்எஸ்எக்ஸ், ஆப்பிள் 2 என்று இயந்திரம் எதுவாக இருந்தாலும் கேள்வி ஒன்றுதான்: இதில் இருப்பதை இன்னும் எடுக்க முடியுமா? அந்த மேசைக்கு ஒரே ஒரு கருவிதான் வாங்கலாம் என்றால் எதை வாங்குவது என்று கேட்பவர்களுக்கு எங்கள் பதில், பழைய ஃப்ளாப்பி டிரைவை யூஎஸ்பி வழியாக இன்றைய கணினியோடு இணைக்கும் சிறு போர்டான கிரீஸ்வீசல் வி4. ஆனால் போர்டை மட்டும் வாங்கிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்தால் ஏமாற்றம்தான். வட்டு பிழைப்பதும் பிழைக்காததும் பெரும்பாலும் டிரைவிலும் சுத்தத்திலும் இருக்கிறது. அதனால் இந்த மதிப்புரையில் போர்டைவிட அவற்றைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறோம்.

முதலில், கடையில் கிடைக்கும் சாதாரண யூஎஸ்பி ஃப்ளாப்பி டிரைவ் ஏன் போதாது? அதற்குள் இருக்கும் கன்ட்ரோலருக்கு 720 கேபி, 1.44 எம்பி பிசி வட்டுகளைத் தவிர வேறு எதுவும் தெரியாது. அமிகா ஒரு தடத்தில் (வட்டில் தரவு எழுதப்படும் ஒரு வட்டப் பாதை) 11 செக்டர்களை, அதாவது தரவுத் துண்டுகளை, இடைவெளி விடாமல் தன் பாணியில் எழுதும். கமடோர் 64-இன் 1541 டிரைவ், பிசி வட்டுகளில் பிட்டுகளைப் பதிக்கும் எம்எஃப்எம் முறையையே தொடாமல் ஜிசிஆர் என்ற வேறு முறையில் எழுதும். பிசி கன்ட்ரோலர் தனக்குத் தெரிந்த தலைப்பைத் தேடிப் பார்த்து, கிடைக்காமல் "ஃபார்மேட் செய்யட்டுமா?" என்று கேட்கும். அந்தக் கேள்விக்குத் தவறி ஆம் சொல்லிவிட்டால் வட்டு போயே போச்சு.

கிரீஸ்வீசல் எதையும் புரிந்துகொள்ள முயல்வதில்லை. ஹெட்டுக்கு அடியில் காந்தத் திசை மாறும் ஒவ்வொரு முறையும், முந்தைய மாற்றத்துக்கும் இதற்கும் இடையே எவ்வளவு நேரம் என்று அளந்து யூஎஸ்பி வழியாகக் கணினிக்கு அனுப்பிவிடும். இந்த அளவுகளின் வரிசைதான் ஃப்ளக்ஸ். இரட்டை அடர்த்தி எம்எஃப்எம் வட்டில் இந்த இடைவெளிகள் 4, 6, 8 மைக்ரோவிநாடி என்று மூன்று குவியலாக விழும். நல்ல வட்டில் குவியல்கள் தள்ளித் தள்ளி நிற்கும். நலிந்த வட்டில் ஒன்றோடொன்று வழிந்து கலக்கும். எது 4, எது 6 என்று தீர்மானிக்கும் வேலை முழுக்கக் கணினியில் ஓடும் மென்பொருளுடையது. இதில் ஒரு பெரிய வசதி உண்டு. இன்று பிரிக்க முடியாத தடத்தின் ஃப்ளக்ஸ் கோப்பை வைத்திருந்தால், நாளை வேறொரு மென்பொருளை வைத்து, வட்டைத் தொடாமலே மறுபடி முயலலாம்.

வடிவமைத்தவர் கீர் ஃப்ரேசர். ஃப்ளாப்பி டிரைவின் இடத்தில் மாட்டி, வட்டுக்குப் பதில் மெமரி ஸ்டிக்கிலிருந்து படிக்கும் கோடெக் ஃப்ளாப்பி எமுலேட்டர்களில் பலரும் ஏற்றிக்கொள்ளும் ஃப்ளாஷ்ஃப்ளாப்பி ஃபர்ம்வேரும் அவருடையதுதான். கிரீஸ்வீசலின் மென்பொருள் திறந்த மூலம், பைத்தானில் எழுதப்பட்டது, விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். ஒரு கிளப்புக்கு இது முக்கியம். யார் எந்த மடிக்கணினியைக் கொண்டுவந்தாலும் மேசையில் உட்கார்ந்து வேலையைத் தொடங்கிவிடலாம். உரிமச் சிக்கல் கிடையாது.

டிரைவ்தான் பாதி வெற்றி

3.5 அங்குல வட்டுகளுக்குப் பழைய பிசியிலிருந்து கழற்றிய சாதாரண 1.44 எம்பி டிரைவ் போதும். அமிகாவுக்கு அமிகா டிரைவ், அட்டாரிக்கு அட்டாரி டிரைவ் என்று தேட வேண்டாம். பழைய மேக்கின் 800 கேபி வட்டு, சுழலும் வேகத்தை மாற்றி மாற்றி எழுதப்பட்டது. அதைக்கூட ஒரே வேகத்தில் சுழலும் பிசி டிரைவில் வைத்துப் படிக்கலாம், ஏனென்றால் வேக வித்தியாசம் ஃப்ளக்ஸ் நேரத்தில் தெரிந்துவிடும், மென்பொருள் சரிக்கட்டிக்கொள்ளும். மடிக்கணினிக்கு வரும் மெல்லிய டிரைவ்கள் மட்டும் வேண்டாம். இணைப்பும் வேறு, ஹெட் நகரும் பொறியும் பலவீனம்.

வாங்கும்போது ஒன்றுக்கு மூன்றாக வாங்கிவைப்பது நல்லது. ஒரு டிரைவில் 9/11 (11 செக்டரில் 9 மட்டும்) என்று நிற்கும் தடம் வேறொன்றில் 11/11 வருவது அன்றாடம் நடப்பதுதான். ஹெட்டின் நிலை டிரைவுக்கு டிரைவ் மயிரிழை மாறும். வட்டை எழுதிய டிரைவும் தன் பங்குக்குக் கொஞ்சம் விலகியிருக்கும். இரண்டு விலகலும் ஒரே பக்கம் சாய்ந்தால் படிக்கும், எதிரெதிராகப் போனால் படிக்காது.

இணைப்பு எளிது, ஆனால் தவறுவதும் அங்கேதான். 34 முள் ரிப்பன் கேபிளின் சிவப்புக் கோடு முதல் முள்ளின் பக்கம் வர வேண்டும். மாற்றிச் செருகினால் டிரைவின் விளக்கு மின்சாரம் கொடுத்த நொடியே எரிந்து, அணையாமல் நிற்கும். டிரைவ் கெட்டுப்போகாது, திருப்பிச் செருகினால் சரியாகிவிடும். ஆனால் அந்த நிலையில் வட்டை உள்ளே விடக் கூடாது. முறுக்கு உள்ள கேபிளில் முறுக்கைத் தாண்டிய முனையில் இருப்பது ஏ டிரைவ்; முறுக்கு இல்லாத நேர் கேபிளில் அதே டிரைவ் பி ஆகிவிடும். சொல்லாவிட்டால் மென்பொருள் ஏ-யைத்தான் தேடும். புதிதாக வருகிறவர்கள் "தடம் 0 கிடைக்கவில்லை" என்ற பிழையில் முட்டி நிற்பதற்கு முதல் காரணம் இதுதான்.

3.5 அங்குல டிரைவ்களில் பெரும்பாலானவை 5 வோல்ட்டில் மட்டும் ஓடுபவை. அவற்றுக்கு வேண்டிய மின்சாரத்தை வி4 போர்டே யூஎஸ்பியிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடும். மோட்டார் சுழலத் தொடங்கும் கணத்தில் மின்னோட்டம் குபீரென்று ஏறும் என்பதால் யூஎஸ்பி ஹப் வேண்டாம், கணினியின் போர்ட்டிலேயே நேராகச் செருகுங்கள். ஹப் வழியாகப் போட்டால் பாதியில் இணைப்பு அறுவதும், தரவு ஒழுங்காக வந்து சேராமல் ஓவர்ஃப்ளோ பிழை வருவதும் உண்டு. 5.25 அங்குல டிரைவுக்கு 12 வோல்ட்டும் தேவை, அதனால் வெளி மின்வழங்கி கட்டாயம்: மஞ்சள் கம்பி 12, சிவப்பு 5, கறுப்பு தரை. வெளியிலிருந்து மின்சாரம் தரும்போது போர்டின் 5 வோல்ட் இணைப்பை அதே டிரைவில் சேர்த்து மாட்டாதீர்கள். 5.25-க்கு ரிப்பன் கேபிளின் முனையும் வேறு. முள் இல்லை, டிரைவின் சர்க்யூட் போர்டின் ஓரத்தைக் கவ்வும் வகை. வாங்கும்போதே இரண்டு வகை முனையும் உள்ள கேபிளாகப் பார்த்து வாங்கிவிட்டால் தொல்லை இல்லை.

வட்டை உள்ளே விடும் முன்

கட்டளைகளை இங்கே உச்சரிப்புப்படி தருகிறோம். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்து. முதலில் "ஜிடபிள்யூ இன்ஃபோ". போர்டைக் கணினி கண்டதா, ஃபர்ம்வேர் பழையதா என்று சொல்லிவிடும். பழையதென்றால் "ஜிடபிள்யூ அப்டேட்". அடுத்து, போனால் பரவாயில்லை என்ற ஒரு வட்டைப் போட்டு "ஜிடபிள்யூ ஆர்பிஎம்". 3.5 அங்குல டிரைவ் நிமிடத்துக்கு 300 சுற்று. 297 முதல் 303 வரை இருந்தால் கவலை இல்லை. ஒவ்வொரு முறை அளக்கும்போதும் எண் 295, 304, 298 என்று தாவினால் மோட்டாரோ பெல்ட்டோ தளர்ந்திருக்கிறது. அந்த டிரைவை ஒதுக்குங்கள். நிலையாக 302 காட்டும் டிரைவ், தாவித் தாவி 300-ஐத் தொடும் டிரைவைவிட எவ்வளவோ மேல்.

ஹெட் நகரும் தண்டில் பழைய கிரீஸ் காய்ந்து பிசினாகியிருக்கும். விரலால் நகர்த்திப் பார்த்தால் ஒரு இடத்தில் தயங்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் பழைய கிரீஸை வழித்துவிட்டு, வெள்ளை லித்தியம் கிரீஸ் ஒரு கடுகளவு போதும். ஹெட்டுகளையும் அதே ஆல்கஹாலால் துடைக்கலாம், 99 சதவீதமாக இருந்தால் நல்லது. மேல் ஹெட்டைத் தூக்கும்போது மட்டும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு தூக்குங்கள். அது தாள் போன்ற மெல்லிய உலோகத் தகட்டில் தொங்குகிறது. அளவுக்கு மேல் தூக்கினால் தகடு வளைந்துவிடும், பிறகு அந்த டிரைவை நம்பி எந்த வட்டையும் கொடுக்க முடியாது. குச்சி நுழையும் அளவு இடைவெளி போதும்.

இனி வட்டு. எழுதத் தடை போடுவது முதல் வேலை. 3.5-இல் ஓட்டை திறந்திருந்தால் தடை, 5.25-இல் பக்கவாட்டு வெட்டை மூடினால் தடை. இரண்டும் எதிரெதிர் என்பதால் குழப்பம் வருவது சகஜம். மேசையில் பெரிதாக எழுதி ஒட்டிவையுங்கள்.

பிறகு, 3.5 வட்டின் ஷட்டரை விலக்கி, பின்புற உலோக மையத்தை விரலால் சுற்றிக்கொண்டே விளக்கொளியைச் சாய்வாகப் படவிட்டுப் பாருங்கள். ஒரே சீரான பழுப்புப் பளபளப்பு என்றால் நல்லது. மங்கலான வெள்ளைப் புள்ளிகள், சிலந்திவலை போன்ற கிளைகள் தெரிந்தால் பூஞ்சை. வட்டப் பாதையில் ஓடும் தெளிந்த கீறல் தெரிந்து, அதன் வழியாக ஒளி கடந்தால் அங்கே காந்தப் பூச்சே இல்லை. எந்தக் கருவியாலும் அந்தத் தடத்தை மீட்க முடியாது. பூஞ்சை வட்டை அப்படியே டிரைவில் விடுவது இந்த வேலையில் செய்யக்கூடிய மிக மோசமான தவறு. பூஞ்சை ஹெட்டில் ஒட்டும், ஹெட் பூச்சைச் சுரண்டும், சுரண்டிய தூள் அடுத்து வரும் நல்ல வட்டையும் கீறும். ஒரே வட்டு வரிசையாக ஐந்தாறு வட்டுகளைக் காவு வாங்கிவிடும்.

பூஞ்சை இலேசாக இருந்தால், ஆல்கஹாலில் நனைத்துப் பிழிந்த பஞ்சுக் குச்சியை ஷட்டர் இடைவெளியில் வைத்து, அழுத்தாமல், வட்டை மெல்லச் சுற்றுங்கள். குச்சி அழுக்கானதும் மாற்றுங்கள். இரண்டு பக்கமும் செய்து, முழுக்க உலர்ந்த பிறகே டிரைவுக்கு. குச்சியில் பழுப்பு நிறம் ஏறினால் பூச்சே உரிகிறது என்று பொருள், உடனே நிறுத்திவிடுங்கள். 5.25 வட்டில் பூஞ்சை அதிகமென்றால் உறையின் மேல் விளிம்பைக் கத்தரித்து, உள்வட்டை வெளியே எடுத்து, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி விட்ட தண்ணீரில் அலசி, நூல் பிரியாத துணியில் ஒற்றி உலர்த்தி, சுத்தமான வேறொரு உறைக்குள் வைத்துப் படிக்கலாம். எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று எடுக்கும் முன்பே மைய ஓட்டைக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். பூஞ்சை வேலைக்கு முகக்கவசமும் கையுறையும் கட்டாயம், மேசையும் தனியாக இருக்கட்டும்.

படிக்கும் முறை

எங்கள் பரிந்துரை, எந்த வட்டானாலும் முதலில் ஃப்ளக்ஸாக எடுங்கள், பிறகு அதிலிருந்து பிரியுங்கள். "ஜிடபிள்யூ ரீட்" என்று கொடுத்து, கோப்பின் பெயரை எஸ்சிபி என்று முடித்தால் ஃப்ளக்ஸ் சேரும். சொல்லாவிட்டால் ஒவ்வொரு தடத்துக்கும் மூன்று சுற்று எடுக்கும், நலிந்த வட்டுக்கு அதை ஐந்தாக்கலாம். 80 தடம், இரண்டு பக்கம், சுற்றுக்கு 0.2 விநாடி. அதாவது மூன்று சுற்றுக்கு 96 விநாடி, ஹெட் நகரும் நேரமும் சேர்த்தால் ஏறக்குறைய இரண்டு நிமிடம். கோப்பு சுமார் 40 எம்பி. 880 கேபி வட்டுக்கு 40 எம்பியா என்று சிலர் தயங்குகிறார்கள். ஆயிரம் வட்டு எடுத்தாலும் 40 ஜிபிதான். ஒரு சிறு மெமரி கார்டில் அடங்கிவிடும். நேராக, அமிகா வட்டின் செக்டர்களை மட்டும் கொண்ட ஏடிஎஃப் கோப்பாக எடுத்துவிட்டு மூலவட்டைத் திருப்பிக் கொடுத்தால், பின்னால் ஒரு செக்டர் தவறு என்று தெரியவரும்போது கையில் எதுவும் இருக்காது.

அடுத்து "ஜிடபிள்யூ கன்வர்ட்". அமிகாவுக்கு "அமிகா.அமிகாடாஸ்", அட்டாரிக்கு "அட்டாரிஎஸ்டி.720", பிசிக்கும் எம்எஸ்எக்ஸுக்கும் "ஐபிஎம்.720", 1541-க்கு "கமடோர்.1541" என்று வடிவத்தின் பெயரைச் சொல்ல வேண்டும். திரையில் தடத்துக்கு ஒரு வரியாக ஓடும். அமிகா வட்டில் ஒவ்வொரு வரியும் 11/11 என்று வருவதைப் பார்க்கும்போது கிடைக்கும் நிம்மதி தனி. கடைசியில் ஒரு கட்டப் படம் வரும்: கிடைத்த செக்டருக்குப் புள்ளி, கிடைக்காததற்குப் பெருக்கல் குறி, அதன் கீழே மொத்தக் கணக்கு. அமிகாவுக்கு 1760-க்கு 1760 வர வேண்டும், 720 கேபி வட்டுக்கு 1440, 1541-க்கு 683. கோப்பின் அளவையும் சரிபாருங்கள்: ஏடிஎஃப் 9,01,120 பைட், 1541 வட்டின் டி64 கோப்பு 1,74,848 பைட், ஆப்பிள் 2-இன் 35 தட வட்டு 1,43,360 பைட். ஆனால் அளவு சரி என்பதால் மட்டும் உள்ளே சரி என்று ஆகிவிடாது. கிடைக்காத செக்டரின் இடத்தையும் நிரப்பித்தான் கோப்பு உருவாகும், அதனால் செக்டர் எண்ணிக்கைதான் நம்ப வேண்டிய சாட்சி.

அந்தக் கட்டப் படத்தைப் படிக்கத் தெரிந்தவர் ஒருவர் மேசையில் இருந்தால் பாதி வட்டுகள் பிழைக்கும். பெருக்கல் குறிகள் அடுத்தடுத்த தடங்களில், ஒரே இடத்தில் கொத்தாக இருந்தால் அது வட்டின் மேல் உள்ள கறை அல்லது பூஞ்சைத் திட்டு. துடைத்துவிட்டு மறுபடி படிக்கலாம், நம்பிக்கை உண்டு. ஒரு பக்கம் முழுக்க மோசம், மறுபக்கம் சுத்தம் என்றால் பெரும்பாலும் குற்றம் வட்டுடையதல்ல, அந்தப் பக்க ஹெட் அழுக்காகிவிட்டது. வெளித் தடங்கள் நன்றாக இருந்து 60-க்கு மேல் போகப் போகப் பிழை கூடினால் அது வட்டின் தளர்ச்சி அல்லது ஹெட் விலகல். உள்தடங்களில் சுற்றளவு சிறியது, அதே அளவு தரவு நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும், அதனால் நலிவு முதலில் அங்கேதான் தெரியும். அப்போது டிரைவை மாற்றிப் படியுங்கள். ஒரு செக்டர்கூட இல்லை, ஆனால் ஃப்ளக்ஸ் வருகிறது என்றால் வடிவத்தின் பெயர் தவறு, அல்லது நகல் தடுப்புள்ள வட்டு. ஃப்ளக்ஸே இல்லை, "இண்டெக்ஸ் (வட்டு ஒரு சுற்று முடித்ததைக் காட்டும் துடிப்பு) இல்லை" என்று வந்தால் பெரும்பாலும் வட்டு சுழலவே இல்லை; மையம் சரியாக உட்காராமல் இருக்கும், வெளியே எடுத்து மறுபடி போடுங்கள்.

ஒரு தடம் மட்டும் அடம் பிடித்தால் முழு வட்டையும் திரும்பத் திரும்ப ஓட்டாதீர்கள். தடத்தின் எண்ணையும் பக்கத்தையும் சொல்லி அதை மட்டும் எடுக்க வழியுண்டு. ஒவ்வொரு ஓட்டமும் நலிந்த பூச்சைத் தேய்க்கும். கிறீச்சென்ற சத்தம் கேட்டால் கட்டளை முடியும்வரை காத்திருக்காதீர்கள். வட்டை வெளியே எடுங்கள், ஹெட்டைத் துடையுங்கள், அந்த வட்டைத் தனியாக வையுங்கள்.

5.25 அங்குலமும் கமடோரும்

இங்கேதான் கிரீஸ்வீசலுக்கு ஒரு மதிப்பெண் குறைக்கிறோம். குறை போர்டில் என்பதைவிட, தெரிந்துகொள்ள வேண்டியது மிக அதிகம் என்பதில். எளிதில் கிடைப்பது 1.2 எம்பி பிசி டிரைவ். அது நிமிடத்துக்கு 360 சுற்று, 80 தடம். 1541 வட்டோ 35 தடம், அகலத் தடம். ஆகவே ஒரு தடம் விட்டு ஒரு தடம் தாண்டச் சொல்ல வேண்டும், "ஸ்டெப்=2" என்று. இதை மறந்தால் வட்டின் பாதியிலேயே படிப்பு நின்றுவிடும், தட எண்ணும் பொருந்தாது. கிளப் மேசையில் "இந்த கமடோர் வட்டு செத்துவிட்டது" என்று ஒதுக்கப்படும் வட்டுகளுக்கு முதலில் இந்தச் சோதனையைச் செய்யுங்கள்.

1541 எல்லாத் தடங்களிலும் ஒரே தரவு வேகத்தில் எழுதுவதும் இல்லை. 1 முதல் 17 வரையிலான தடங்களில் 21 செக்டர், 18 முதல் 24 வரை 19, 25 முதல் 30 வரை 18, 31 முதல் 35 வரை 17. ஒரு பிட்டுக்கான நேரமும் 3.25 மைக்ரோவிநாடியில் தொடங்கி 4 வரை படிப்படியாக ஏறும். மென்பொருள் இதையெல்லாம் தானே பார்த்துக்கொள்கிறது, 360 சுற்று வேகத்தையும் சேர்த்துக் கணக்கிடுகிறது. இதில் குறை சொல்ல எதுவும் இல்லை.

சிக்கல், இரண்டாம் பக்கத்தில். ஒற்றைப் பக்க டிரைவ் வைத்திருந்தவர்கள் உறையில் இன்னொரு வெட்டுப் போட்டு, வட்டைத் திருப்பிப் போட்டு மறுபக்கத்திலும் எழுதினார்கள். 1541 இண்டெக்ஸ் ஓட்டையைப் பார்க்காது, அதனால் அங்கே பிரச்சினை இல்லை. பிசி டிரைவ் அதைப் பார்க்கும். திருப்பிப் போட்டால் உறையின் ஓட்டை சென்சாருக்கு நேரே வராது, "இண்டெக்ஸ் இல்லை" என்று நிற்கும். கிரீஸ்வீசலில் இதற்குப் பொய் இண்டெக்ஸ் என்ற வசதி இருக்கிறது. டிரைவின் வேகத்தைச் சொன்னால் அது தானே துடிப்பை உண்டாக்கிக்கொள்ளும். ஆனால் இண்டெக்ஸ் வராவிட்டால் தரவையே வெளியே விடாத டிரைவ்களும் உண்டு. அவற்றில் இது பலிக்காது. உறையில் புதிதாக ஓட்டை போடலாமா என்று கேட்பார்கள். மூல உறையில் போடாதீர்கள். வட்டின் மேல் துளைக்கருவியின் முனை பட்டால் முடிந்தது. கமடோர் வட்டுகள்தான் உங்கள் கிளப்பில் அதிகம் என்றால், நல்ல நிலையிலுள்ள 1541 ஒன்றையும் ஜூம்ஃப்ளாப்பி என்ற இணைப்புப் போர்டையும் பக்கத்தில் வைத்துக்கொள்வதே நல்ல வழி. நகல் தடுப்புள்ள கமடோர் வட்டுகளுக்கு அந்த ஜோடி இன்னும் பொருத்தம்.

ஆம்ஸ்ட்ராட் சிபிசி, ஸ்பெக்ட்ரம் பிளஸ் 3 ஆகியவற்றின் 3 அங்குல வட்டுகளுக்கு அதே அளவு டிரைவ் வேண்டும். அந்த டிரைவ்களின் ரப்பர் பெல்ட் இத்தனை ஆண்டுகளில் நீண்டோ பிசுபிசுத்தோ போயிருக்கும். முதலில் அதை மாற்றுங்கள். 8 அங்குல டிரைவுக்கு 50 முள் இணைப்பை 34-ஆக மாற்றும் அடாப்டரும் வேண்டும். இரண்டும் முடியும், ஆனால் கிளப் மேசைக்கு அன்றாட வேலை அல்ல.

எழுதுவது

கோப்பைத் திரும்ப வட்டில் எழுதவும் இதே போர்டு போதும், மூல இயந்திரத்தில் ஓட்டிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு அது பெரிய வரம். ஏடிஎஃப் போன்ற தெரிந்த வடிவங்களை எழுதும்போது ஒவ்வொரு தடத்தையும் எழுதியவுடன் படித்துச் சரிபார்க்கும். வெறும் ஃப்ளக்ஸ் கோப்பை எழுதும்போது அந்தச் சரிபார்ப்பு கிடையாது. எழுதிய பிறகு நீங்களே படித்துப் பார்க்க வேண்டும். பழைய வட்டை மறுபடி பயன்படுத்தும் முன் "ஜிடபிள்யூ இரேஸ்" கொடுத்துத் துடைத்துவிடுவது நல்ல பழக்கம்.

இரண்டு எச்சரிக்கை. உயர் அடர்த்தி 3.5 வட்டின் அடர்த்தி காட்டும் ஓட்டையை (எழுதத் தடை ஓட்டை அல்ல) டேப்பால் மூடி அமிகா வட்டாக எழுதுவது பலர் செய்வது. அன்று படிக்கும், சில மாதங்களில் மறக்கும். அந்தப் பூச்சுக்கு இன்னும் வலுவான எழுத்து மின்னோட்டம் தேவை. 5.25-இல் இந்த வித்தியாசம் இன்னும் பெரிது: காந்தத் திசையை மாற்றத் தேவைப்படும் வலு இரட்டை அடர்த்திப் பூச்சுக்குச் சுமார் 300 ஓர்ஸ்டெட், உயர் அடர்த்திக்குச் சுமார் 600. அங்கே முயலவே வேண்டாம். இன்னொன்று, 80 தட டிரைவில் 40 தட வட்டை எழுதுவது. அதன் ஹெட் பாதி அகலம்தான், அதனால் பழைய எழுத்தின் ஓரம் தடத்தின் பக்கவாட்டில் மிச்சமிருக்கும். எழுதிய டிரைவில் அழகாகப் படிக்கும், அகல ஹெட்டுள்ள 1541-இல் போட்டால் பழையதும் புதியதும் சேர்ந்து கேட்டுப் பிழை வரும். காந்த அழிப்பானால் வட்டை முழுக்க அழித்துவிட்டு எழுதினால் இது பெரும்பாலும் தீரும்.

மற்ற கருவிகளோடு பார்த்தால்

கிரையோஃப்ளக்ஸ், மென்பொருள் பாதுகாப்புச் சங்கம் என்ற அமைப்பின் கருவி, பல நூலகங்களும் காப்பகங்களும் பயன்படுத்துவது, ஆனால் மென்பொருள் மூடியது. சூப்பர்கார்டு புரோ நகல் தடுப்புள்ள வட்டுகளைப் பிரதியெடுப்பதில் நல்ல பெயர் வாங்கியது. எஸ்சிபி கோப்பு வடிவமே அங்கிருந்து வந்ததுதான். ஆப்பிள் 2, பழைய மேக் வட்டுகள் மட்டுமே என்றால் ஆப்பிள்சாஸ் மிக அழகான கருவி, ஆனால் மேக் கணினி வேண்டும். எல்லா இயந்திரக்காரர்களும் கலந்து வரும் கிளப்புக்கு இந்த மூன்றையும்விட கிரீஸ்வீசல்தான் கைக்கு அடக்கம். அதே போர்டை ஃப்ளக்ஸ்எஞ்சின் என்ற இன்னொரு திறந்த மென்பொருளும் ஓட்டும். ஒன்றில் பிரியாத வடிவம் மற்றதில் பிரியலாம் என்பதால் இரண்டையும் நிறுவிவையுங்கள்.

குறைகள்: எல்லாமே கட்டளை வரி. ஃப்ளக்ஸ் மை ஃப்ளஃபி ஃப்ளாப்பி என்று விண்டோஸுக்கு ஒரு முகப்பு உண்டு, புதியவர்களை அதில் உட்கார வைக்கலாம். போர்டு பெரும்பாலும் பெட்டி இல்லாமல் வெறுமையாக வரும். கிளப் மேசையில் திருகாணியும் உலோகத் துணுக்கும் எப்போதும் கிடக்கும், அதனால் ஒரு பிளாஸ்டிக் டப்பாவிலாவது அடைத்துவிடுங்கள். ஃப்ளக்ஸின் படத்தைப் பார்க்க அதனோடு எதுவும் வருவதில்லை. எச்எக்ஸ்சி மென்பொருளின் தட ஆய்வுத் திரையில் எஸ்சிபி கோப்பைத் திறந்தால் வட்டு முழுவதும் வட்டமாக விரியும், பூஞ்சைத் திட்டு எங்கே என்று கண்ணாலேயே பார்க்கலாம்.

கிளப்பில் வேலையைப் பிரிக்கும் விதம்

ஒருவர் வாங்கி எண் போடுபவர், ஒருவர் பார்த்துத் துடைப்பவர், ஒருவர் படிப்பவர் என்று மூன்று பேர் உட்கார்ந்தால் வட்டுக்கு நான்கு நிமிடம் என்ற கணக்கில் மூன்று மணி நேரத்தில் 45 வட்டு முடியும். துடைப்பவரும் படிப்பவரும் ஒருவரே என்றால் பாதிகூடத் தேறாது, துடைப்பதில்தான் நேரம் போகிறது.

வாங்கும்போதே ஒட்டும் தாளில் எண் எழுதி வட்டின் உறையில் ஒட்டுங்கள், வட்டின் லேபிளில் எழுத வேண்டாம். 5.25 வட்டின் மேல் பால்பாயிண்ட் பேனாவை அழுத்தினால் தடம் சேதமாகும். லேபிளைப் புகைப்படம் எடுங்கள், கோப்பின் பெயரும் அதே எண்ணில் தொடங்கட்டும். நோட்டில் எழுத வேண்டியவை: எண், இயந்திரம், எந்த டிரைவில் படித்தது, எத்தனை செக்டருக்கு எத்தனை, துடைத்ததா, கோப்பு மாறவில்லை என்று பின்னால் சரிபார்க்க உதவும் ஷா-256 எண். எந்த டிரைவ் என்று எழுதுவதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். பிற்பகலில் திடீரென்று எல்லா வட்டும் 10/11 காட்டத் தொடங்கினால், எந்த வட்டுக்குப் பிறகு ஹெட் அழுக்கானது என்று அந்த நோட்டை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும். அதற்குப் பிறகு படித்த எல்லாவற்றையும் மறுபடி எடுங்கள்.

வட்டின் சொந்தக்காரரிடம் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: உள்ளே சொந்தக் கடிதமோ கணக்கோ இருந்தால் பிரதியைக் கிளப் வைத்துக்கொள்ளலாமா, வேண்டாமா? பதிலை அதே வரியில் எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பிரதியைக் கொடுக்கும்போது ஃப்ளக்ஸ் கோப்பு, பிரித்த கோப்பு, லேபிளின் படம் மூன்றையும் ஒரே மெமரி ஸ்டிக்கில் போட்டுக் கொடுங்கள். கோடெக் வைத்திருப்பவராக இருந்தால் ஏடிஎஃப் அல்லது எஸ்டி கோப்பை அதே ஸ்டிக்கிலிருந்து நேராகத் தன் அமிகாவிலோ அட்டாரியிலோ ஓட்டிக்கொள்வார். மூலவட்டை மறுபடி டிரைவில் போடவே வேண்டியிருக்காது.